கட்டைவிரல் நூலகம்

காப்பி வேண்டாம் வக்கீலம்மா. காப்பி குடிச்சா நான் ஆறிடுவேன். ஆறக் கூடாதுன்னுதான் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஆட்டோ கூட வைக்காம வெயில்ல நடந்தே வந்திருக்கேன். முதல்ல நோட்டீஸ். அப்புறம் காப்பி.

என் பேர் குற்றாலிங்கம். அனுப்ப வேண்டியது இசக்கியம்மாளுக்கு. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. நீலக் கலர் ஸ்கூட்டி, பின்னாடி ஒரு பெரிய பை, சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள வந்து சாகறதைப் பத்திப் பேசுவா. உங்களுக்கும் ஒரு பாலிசி போட்டிருப்பா. போட்டிருக்காளா? பார்த்தீங்களா! ஊர்ல ஒருத்தரை விடலை. நான் ஊர் திரும்பினதுமே எனக்கும் ஒண்ணு போட்டா. அப்படித்தான் பழக்கம்.

விஷயம் இதுதான். நான் ஆகாதுன்னு ஒதுக்கி அழிச்ச பக்கங்களையெல்லாம் எனக்குத் தெரியாம வச்சிருந்து இன்டர்நெட்ல போட்டிருக்கா. நானூறு புத்தகத்துக்கு மேல. அதையெல்லாம் அவ இருபத்தி நாலு மணி நேரத்துல அழிக்கணும். அதுக்கு ஒரு பேர் வேற வச்சிருக்கா. சொல்லவே வாய் கூசுது. கட்டைவிரல் நூலகம்.

சிரிக்காதீங்க. நீங்களும் சிரிச்சா நான் எங்க போவேன்? என் வீட்டுக்காரி சிரிக்கறா. பால்காரர் சிரிக்கறார். என்னைப் பார்த்துத்தான் வச்ச பேர் அது.

மொதல்லேர்ந்து சொல்றேன். நான் கனடாவுல இருபது வருஷம் மருந்துக் கம்பெனில இருந்தேன். தரக் கட்டுப்பாடு. ஒரு அட்டையில பத்து மாத்திரைன்னா பத்தும் ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணு விளிம்புல உடைஞ்சிருந்தா அந்த அட்டை மட்டும் இல்ல, அந்தப் பெட்டியே குப்பைக்கு. நான் கையெழுத்துப் போடாம ஒரு பெட்டி வெளியே போனதில்லை. அந்தக் கண்ணு எனக்கு. மூணு வருஷத்துக்கு முந்தி திரும்பி வந்தேன். வந்து சும்மா இருக்க முடியலை. இங்க எதைப் பார்த்தாலும் விளிம்பு உடைஞ்சிருக்கு.

சும்மா இருக்க முடியாதவன் என்ன செய்வான்? தமிழ்ல இருக்கற பழசையெல்லாம் யாரும் எப்பவும் எங்கிருந்தும் படிக்கற மாதிரி ஒரு நூலகம், இலவசமா, இன்டர்நெட்ல கட்டணும்னு ஆரம்பிச்சேன். ரொம்பப் பேர் செய்யறாங்க, தெரியும். தரமா யாரும் செய்யறதில்லை. ஒரு பக்கம் கோணலா இருக்கும், ஒரு பக்கம் இருட்டா இருக்கும், நடுவுல ரெண்டு பக்கத்தைக் காணாது. நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் பார்ப்பானே, அவன் என்ன நினைப்பான் நம்மளப் பத்தி? நான் செய்யறது அப்படி இருக்காதுன்னு முடிவு பண்ணினேன்.

எங்க ஊர்ல கொடிக்கால்காரங்க ஒரு வாசகசாலை வச்சிருந்தாங்க. வெத்திலைக் கொடிக்கால். ஒரு காலத்துல எங்க பக்கம் முழுக்க அதுதான். அந்த ஆளுங்க சொந்தமா ஒரு மாதப் பத்திரிகை நடத்தினாங்க, 'கொடிக்கால் நண்பன்'னு. உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதுதான் விஷயமே. வேற எங்கயும் ஒரு பிரதி கிடையாது. நாற்பது வருஷத்துப் பத்திரிகை, வருஷத்துக்கு ஒரு தொகுப்பாத் தைச்சு, அட்டை போட்டு, வரிசையா நிக்குது. அதோட மாட்டு வைத்தியப் புஸ்தகம், நாடக நோட்டீஸ், கள்ளுக்கடை மறியல் பாட்டு, எங்க ஊர்த் தேர்தல்ல ஒருத்தரை ஒருத்தர் வைஞ்சு அடிச்ச துண்டுப் பிரசுரம். தங்கம் வக்கீலம்மா. அவ்வளவும் தங்கம்.

கட்டடம் எங்க ஊர் செல்லையா மகனுக்குச் சேர்ந்தது. கார்த்திகைக்குள்ள இடிக்கணும், அதுக்குள்ள எடுத்துக்கோங்கன்னான். புத்தகத்தைத் தர மாட்டான். அது கொடிக்கால்காரங்க சங்கத்துச் சொத்து, வெளியே போனா எவனாவது கேட்பான்னு பயம். உள்ளேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கலாம். சரின்னேன். அப்ப ஆனி மாசம். நிறைய நாள் இருந்துது.

இசக்கி தானா வந்தா. "அண்ணாச்சி, மத்தியானம் எவனும் பாலிசி பேச மாட்டான், எல்லாம் உறங்குவான். எனக்குச் சும்மாதான் இருக்கும். நான் எடுத்துத் தாரேன்"னா. எலக்ட்ரிக் வேலைக்கு வாங்குவாங்களே பிவிசி குழாய், அதை வெட்டி ஒட்டி ஒரு ஸ்டாண்டு செஞ்சா. மேல போன். கீழ புத்தகம். இடது கையால பக்கத்தைப் பிடிச்சுக்குவா, வலது கையால பட்டனைத் தட்டுவா. பிசாசு மாதிரி வேகம். அதை நான் மறுக்கலை. ஒரு மத்தியானத்துல ரெண்டு தொகுப்பு முடிச்சிடுவா.

முதல் வாரம் அனுப்பினதை நான் வீட்டுல கம்ப்யூட்டர்ல திறந்தேன். பெரிய திரை, அதுக்குன்னே வாங்கினது. திறந்தா, பக்கத்தோட இடது கீழ் மூலையில ஒரு கட்டைவிரல்.

சிவப்பு நெயில் பாலிஷ். அதுவும் பாதி உதிர்ந்தது.

அடுத்த பக்கம், விரல். அதுக்கடுத்தது, விரல். நாற்பது வருஷத்துச் சரித்திரம், ஒவ்வொரு பக்கத்துலயும் காவல்காரன் மாதிரி ஒரு விரல் நிக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. மாத்திரை அட்டையில ஒரு தலைமுடி இருந்தா எப்படி இருக்கும், அப்படி.

போன் பண்ணினேன். மரியாதையாத்தான் கேட்டேன். ஏம்மா, விரல் தெரியுதே?

"ஆமா அண்ணாச்சி. விரல் இருந்தா தெரியத்தானே செய்யும்."

விரல் இல்லாம எடுக்கணும்.

"தையல் கெட்டியா இருக்கு அண்ணாச்சி. கையை எடுத்தா பக்கம் படக்குன்னு மூடிக்கிடுது. விரலை வெட்டிப்போட்டா பிடிச்சுக்க முடியாதுல்லா?"

இதுதான் அவ பேசற லட்சணம். எதுக்கும் ஒரு சிரிப்பு. நான் பொறுமையா விளக்கினேன். உலகத்துல நல்ல நூலகங்கள்ல கண்ணாடி வச்சு அழுத்தி எடுப்பாங்க. அதுக்குன்னு தனிக் கண்ணாடி இருக்கு, வெளிச்சம் பட்டா திருப்பி அடிக்காது, பக்கம் மடங்காது. வரவழைக்கறேன், அதுவரைக்கும் நிறுத்து. அவ நிறுத்தலை. எடுத்து எடுத்து அனுப்பிக்கிட்டே இருந்தா. நான் ஒவ்வொண்ணையும் பார்த்து, கீழ குறிப்பு எழுதி, ஒதுக்கித் திருப்பி அனுப்பினேன். 'இடது கீழ் மூலையில் விரல். மறுபடி எடுக்கவும்.' 'விரல். மறுபடி எடுக்கவும்.' ஆவணி முடியற வரைக்கும் அதையேதான் எழுதினேன். ஆடியில நகத்துக்குப் பச்சை அடிச்சிருந்தா. ஆவணியில மறுபடி சிவப்பு.

எங்கிட்டே அவ பேசின பேச்சு ஒண்ணு சொல்றேன், நோட்டீஸ்ல சேர்த்துக்கலாம். ஒரு நாள் மத்தியானம் போன். "அண்ணாச்சி, இன்னைக்கு அனுப்பின தொகுப்புல ஒரு பக்கத்தை விரலை மறந்துட்டு ஒருக்கா வாசிங்க."

நான் என்ன சொன்னேன்னா, வாசிக்கறது வாசகர் வேலைம்மா. என் வேலை தரம் பார்க்கறது.

என்னமோ சொல்ல வந்தா, நான் விடலை. அப்புறம், "சரி அண்ணாச்சி, உங்க வேலையைப் பாருங்க"ன்னு வச்சுட்டா. எவ்வளவு திமிர் பாருங்க. தான் செஞ்ச தப்பை மறைக்க, நம்மளை வாசிக்கச் சொல்றது! ஒரு உதவியாள் தரக் கட்டுப்பாட்டுக்காரன்கிட்டே அப்படிச் சொல்லலாமா?

ஒதுக்கினதையெல்லாம் அப்பப்ப அழிச்சிடுவேன். அதுதான் முறை. கெட்டதைப் பக்கத்துலயே வச்சிருந்தா ஒரு நாள் எவனாவது கைதவறி நல்லதோட சேர்த்துடுவான். கம்பெனில சொல்லித் தர்ற முதல் பாடம் அது.

கண்ணாடியா? அது சென்னையில சுங்கத்துல மாட்டிக்கிச்சு. அது என்ன கண்ணாடி, எதுக்குக் கண்ணாடின்னு கேட்டு எழுதறான். பதில் எழுதினேன். வேற ஒருத்தன் அதையே கேட்டு எழுதறான். நம்ம நாட்டுல ஒரு மனுஷன் அறிவைக் காப்பாத்தணும்னா எத்தனை பேருக்கு விளக்கம் சொல்லணும்! ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு. இசக்கி நடுவுல வந்து, "அண்ணாச்சி, ஃபோட்டோ ஃப்ரேம் போடுத கடையில ஒரு கண்ணாடி வாங்கி வச்சு எடுப்போமா?"ன்னா. சாதாரணக் கண்ணாடில ஜன்னல் வெளிச்சம் எல்லாம் கோடு கோடா விழும். வேண்டாம்னேன். "விழட்டுமே அண்ணாச்சி, எழுத்து தெரிஞ்சாப் போதாதா?"

போதும்! இந்தப் போதும்ங்கற வார்த்தைதான் நம்ம ஊரைக் கெடுத்தது.

அவளை வர வேண்டாம்னுட்டேன். ஆமா, நான்தான் சொன்னேன். வாசகசாலைச் சாவியையும் வாங்கி வச்சுக்கிட்டேன். கண்ணாடி வரட்டும், நானே எடுத்துக்கறேன்னு.

ஐப்பசியில செல்லையா மகன் ஒரு வார்த்தை சொல்லாம ஓட்டைப் பிரிச்சுட்டான். ஓடு நல்ல விலைக்குப் போகுதாம், மழைக்கு முந்தி இறக்கணுமாம். எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடலை. எங்கப்பா மாதிரியே. சொல்லாமக் கொள்ளாமச் செய்யற ஆளுங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஓடு பிரிச்ச அன்னைக்குச் சாயங்காலமே மழை பிடிச்சுது. சும்மா மழையா? ஆத்துல ரெண்டு கரையும் தொட்டு ஓடிச்சு. நான் சேதி தெரிஞ்சு போய்க் கதவைத் திறந்தா, அலமாரியே ஒரே கட்டியா நிக்குது. ஒரு தொகுப்பைப் பிடிச்சு இழுத்தேன். அட்டை மட்டும் கையில வந்துச்சு. உள்ள இருந்தது கூழு. மிச்சத்தை அவனே பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுட்டான். அந்த ஆள் ஈரப் பேப்பர் வேண்டாம்னு பாதியை வாய்க்கால் ஓரத்துல கொட்டிட்டுப் போயிருக்கான்.

கண்ணாடி கார்த்திகையில வந்துச்சு. அருமையான கண்ணாடி. பஞ்சுக்குள்ள பொதிஞ்சு, ஒரு கீறல் இல்லாம. இப்பவும் வீட்டுல இருக்கு. வைக்கப் புத்தகம்தான் இல்ல.

இதுல என் மேல என்ன தப்பு, சொல்லுங்க. சுங்கக்காரன் தாமதம் பண்ணினான். செல்லையா மகன் ஓட்டைப் பிரிச்சான். மழை பெஞ்சுது. இவ ஆரம்பத்துலேயே விரல் இல்லாம எடுத்திருந்தா நாற்பது வருஷமும் தப்பிச்சிருக்கும். யோசிச்சுப் பாருங்க. கடைசில எல்லாம் அவ விரல்ல வந்துதான் நிக்குது.

என்ன கேட்டீங்க? என் நூலகத்துல இப்ப எவ்வளவு இருக்கா? பதினோரு புத்தகம். தானா விரிஞ்சு படுக்கற மெல்லிசுப் புத்தகம். விரல் வேண்டியிருக்கலை. அதுல மூணு பஞ்சாங்கம். சிரிக்காதீங்கன்னேனே. ஆனா திறந்து பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம். ஒரு தூசி இருக்காது.

இப்ப தையில, என் வீட்டுக்காரி போனை நீட்டறா. "ஏங்க, இது நம்ம இசக்கி விரல்தானே?"ன்னு. பார்த்தா, இலவசமா யார் வேணும்னாலும் புத்தகம் ஏத்தி வைக்கற இடம் இருக்கே, அங்க வரிசையா அடுக்கி வச்சிருக்கா. நான் அழிச்சதெல்லாம் அவ போன்ல அப்படியே இருந்திருக்கு. 'கொடிக்கால் நண்பன்' நாற்பது வருஷமும், மாட்டு வைத்தியம், நாடக நோட்டீஸ், அவ்வளவும். தலைப்புல கட்டைவிரல் நூலகம். கீழ ஒரு வரி: 'விரலுக்கு மன்னிக்கவும். புத்தகம் மூடிக்கொள்கிறது.'

மூடிக்கொள்கிறதாம்!

சரி, யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நினைச்சேன். தரமில்லாததை யார் பார்ப்பா? கூட்டம் வக்கீலம்மா, கூட்டம். கொடிக்கால் வச்சிருக்கறவன் எல்லாம் உள்ள போய் இருக்கான். அடியழுகல் நோய்க்கு என்ன பண்றதுன்னு பழைய இதழ்ல இருந்து எடுத்து ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிறான். காலேஜ்ல ஆராய்ச்சி பண்ற ஒரு பொண்ணு அடிக்குறிப்புல போட்டிருக்கு. அதுலயும் ஒரு விவசாயி கீழ எழுதறான், 'பச்சை நகத்துத் தொகுப்பில் வேப்பம் பிண்ணாக்கு பற்றி வருகிறது, பார்க்கவும்.' பச்சை நகம்! வருஷம் சொல்ல மாட்டான், மாசம் சொல்ல மாட்டான். அடுத்தவன் பதில் எழுதறான், 'நன்றி, பச்சையில் இல்லை, உதிர்ந்த சிவப்பில் இருந்தது.' நான் நூலக விதிப்படி எண் போட ஒரு முறையே உருவாக்கி வச்சிருந்தேன். ஏழு இலக்கம். அதை எவனும் சீண்டலை.

நேரா அவ வீட்டுக்குப் போனேன். வாசல்ல ஸ்கூட்டியைத் துடைச்சுக்கிட்டு இருந்தா. நான் கேட்டேன், யாரைக் கேட்டுப் போட்டே?

"யாரைக் கேக்கணும் அண்ணாச்சி? எழுதுனவங்க எல்லாம் போய்ட்டாங்க. வாசகசாலை போய்ட்டு. உங்களைக் கேக்கலாம்னா, நீங்கதான் அழிச்சிட்டியளே."

நான் அழிச்சது வேற விஷயம். தரம்னு ஒண்ணு இருக்கு.

"இருக்கட்டும் அண்ணாச்சி. தரமானதை நீங்க வச்சுக்கிடுங்க. இது எங்கிட்ட இருக்கட்டும்." சொல்லிட்டு அந்த விரலாலேயே ஸ்கூட்டிக் கண்ணாடியைத் துடைக்கறா. அன்னைக்கு ஊதாக் கலர்.

அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. நோட்டீஸ்தான் ஒரே வழி.

என்ன? நான் அந்தப் புத்தகங்களுக்குச் சொந்தக்காரனா? இல்ல. சங்கம்? சங்கம் கலைஞ்சு போச்சு. படம் எடுத்தது அவ போன். எடுத்தது அவ. சம்பளமா? யாருக்கும் சம்பளம் கிடையாது, இலவச நூலகத்துல என்ன சம்பளம்? ஆமா, எங்க முகப்புப் பக்கத்துலயே போட்டிருக்கு, 'அறிவு அனைவருக்கும் பொது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பரப்பலாம்'னு. நான்தான் எழுதினேன். ராத்திரி பகலா உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாச் செதுக்கினேன். அது வேற வக்கீலம்மா. அது தரமானதுக்கு.

நஷ்டம் என்னன்னா? எனக்கு நஷ்டம் இல்லையா? அந்த விரலே நஷ்டம்தானே! அது எதை மறைச்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க நோட்டீஸை எழுத ஆரம்பிங்க, நான் சொல்றேன்.

வேண்டாம், முதல்லயே சொல்லிடறேன். நீங்க ஆதாரம் கேட்பீங்கன்னு தெரியும். அதனால கட்டைவிரல் நூலகத்துல இருக்கற ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்த்தேன். விரல் எந்த எழுத்தை மறைச்சிருக்கு, எவ்வளவு மறைச்சிருக்குன்னு. முக்காவாசி இடத்துல வெறும் ஓரம்தான், எழுத்து தப்பிச்சிருக்கு. அது நேர்மையாச் சொல்லணும். சில இடத்துல பக்க எண் போச்சு. சில இடத்துல ஒரு அரை வார்த்தை. பார்த்துக்கிட்டே வந்தேன். கடைசித் தொகுப்பு, பத்திரிகை நின்னு போன வருஷம். அதுல 'என் அனுபவம்'னு ஒரு பகுதி. மாசம் ஒரு விவசாயி எழுதுவார்.

மேல பேர் போட்டிருக்கு. ஆ. சுடலைமுத்து.

எங்கப்பா.

எங்கப்பா எழுதுவார்னே எனக்குத் தெரியாது. ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேச மாட்டார். கடையில சாமான் வாங்கினாலும் கையைக் காட்டிட்டு நிப்பார். அந்த மனுஷன் ஒரு பக்கம் எழுதியிருக்கார். கொடி படர அகத்தி எப்ப நடணும், கொடியை எந்தக் கணுவுல கிள்ளணும், தண்ணி எந்த நேரத்துல பாய்ச்சணும், எல்லாம். நல்லா எழுதியிருக்கார் வக்கீலம்மா. வளவளன்னு இல்லாம.

நான் கனடாவுக்கு விமானம் ஏறின வருஷம் அவர் எங்க கொடிக்காலை அழிச்சார். நல்லா விளைஞ்சுக்கிட்டு இருந்த கொடிக்கால். போய் இறங்கி மூணாம் மாசம் அம்மா போன்ல சொல்றா, அப்பா எல்லாத்தையும் அறுத்துட்டார்னு. ஏன்? தெரியாது. யார்கிட்டேயும் சொல்லலை. நான் கேட்டேன், பதில் இல்ல. லீவுல வரும்போதெல்லாம் கேட்டேன். அவர் போனப்ப நான் வந்து சேர்ந்ததே மூணாம் நாள்தான், அப்ப யாரைக் கேட்க? என்னைத் தண்டிக்கத்தான் செஞ்சார்னு நினைச்சேன். நீ போனேல்ல, பார், இதுவும் போச்சுன்னு. இத்தனை வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

இருங்க, போன்ல அவ நூலகத்தைத் திறந்தே வச்சிருக்கேன். நீங்களே படிங்க. கண்ணாடி போட்டுக்கோங்க. கடைசிப் பத்தி. சத்தமாப் படிங்க, பரவாயில்லை.

'எனக்கு ஒரே மகன். அவன் வெளிநாட்டுக்குப் புறப்படுகிறான். இந்தக் கொடிக்காலுக்கு அவன் வரப்போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் நான்'

அவ்வளவுதான். அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி. இடது ஓரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வார்த்தையில முடியற குட்டி வரி. அது மேல இது. சிவப்பு. பாதி உதிர்ந்தது.

பெரிசு பண்ணிப் பார்த்தேன். நகத்துக்கு மேல ஒரு ஒற்றைக் கொம்போட நுனி தெரியுது. அது எந்த எழுத்தோட கொம்புன்னு கண்டுபிடிக்க முடியலை. பெரிசு பண்ணப் பண்ண விரல்ல இருக்கற ரேகைதான் பெரிசாத் தெரியுது.

இப்பச் சொல்லுங்க. நஷ்டம் இருக்கா இல்லையா?

என்ன கேட்கறீங்க? இந்தப் பக்கத்தை நான் முன்னாடியே பார்த்திருக்கணுமேன்னா? பார்த்தேன். ஆவணியில அனுப்பினா. நான் குறிப்பும் எழுதினேன். 'இடது கீழ் மூலையில் விரல். மறுபடி எடுக்கவும்.' மூலையைத்தான் பார்ப்பேன். நாலு மூலை, வெளிச்சம், கோணல். ஒரு பக்கத்துக்கு அதுக்கு மேல நேரம் கிடையாது. எழுத்து எங்க போயிடப் போகுது, அப்புறம் படிச்சுக்கலாம்னு...

ஆமா. அதே நாள்தான். விரலை மறந்துட்டு ஒருக்கா வாசிங்கன்னு அவ போன் பண்ணினாளே, அது இந்தத் தொகுப்பு அனுப்பின நாள்தான். தேதியைப் பார்த்தேன்.

அவளுக்கு அது எங்கப்பான்னு தெரிஞ்சிருக்கு. பாலிசி பாரத்துல தகப்பன் பேர் எழுதினது அவதானே. அப்ப அவ வாயைத் திறந்து உங்கப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லலை? நான் ஒரு வார்த்தை பேச விட்டிருந்தா சொல்லியிருப்பான்னு நீங்க சொல்றீங்க. நீங்க யாருக்கு வக்கீல்?

போன் பண்றதா? நானா? அவளுக்கா? எதுக்குப் பண்ணணும்? அவ வீட்டு வாசல்ல நின்னு அவ்வளவு பேசிட்டு வந்திருக்கேன். இப்பப் போய், அம்மா தாயே, உன் விரலைக் கொஞ்சம் நகர்த்துன்னா? புத்தகமே இல்ல. விரலை நகர்த்தி என்ன?

இல்ல, இருக்கு. ஒரு வழி இருக்கு. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், இப்ப நினைச்சுப் பார்த்தா. அவ எடுக்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் வாசிச்சுக்கிட்டேதான் எடுத்தா. அதுவும் எனக்குப் பிடிக்காது, நேரம் போகுதுன்னு வைவேன். "நாடகத்துல இவன் பொண்டாட்டியை விட்டுட்டுப் போய்ட்டான் அண்ணாச்சி, நாளைக்குத்தான் தெரியும்"ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போவா. பக்கத்தைப் பிடிக்கறதுக்கு முந்தி அந்த வரியை அவ பார்த்திருக்கா. உலகத்துல இப்ப அதைப் பார்த்த ஆள் அவ ஒருத்திதான்.

எழுதுங்க வக்கீலம்மா. இல்ல, அந்த இருபத்தி நாலு மணி நேரத்தை அடிங்க. அழிக்கணும்ங்கற பாராவையும் அடிங்க. அவ அழிச்சுத் தொலைச்சான்னா? இந்தப் பக்கமும் போயிடும். எங்கிட்ட வேற கிடையாது. அடிச்சாச்சா? நல்லா அடிங்க, தெரியவே கூடாது.

நான் சமாதானமாயிட்டேன்னு நினைக்காதீங்க. கோபம் கோபம்தான். ஆரம்பத்துல அப்படியே இருக்கட்டும், மேற்படி கட்சிக்காரர் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகி, அது இதுன்னு. அதுக்குக் கீழ இதைப் போடுங்க. 'கொடிக்கால் நண்பன்' கடைசித் தொகுப்பு, 'என் அனுபவம்' பகுதி, கடைசி வரி. அந்த வரியை மறைத்திருக்கும் விரலுக்குச் சொந்தக்காரர் என்ற முறையில், அதன் கீழ் என்ன எழுதியிருந்தது என்பதைத் தங்களுக்கு நினைவிருக்கும் வரையில்...

தங்களுக்குன்னே போடுங்க. மரியாதையா இருக்கட்டும்.

நினைவிருக்கும் வரையில் தெரிவிக்கவும். எழுத்துப் பூர்வமா வேண்டாம். வந்து சொன்னாப் போதும். முழு வரி இல்லாட்டியும் பரவாயில்லை. கிட்டத்தட்ட இருந்தாப் போதும்.

ஆமா, போதும்னுதான் சொன்னேன். அப்படியே எழுதுங்க.

அந்தக் காப்பி இன்னும் சூடா இருக்கா?